அலமாரியில் இருக்கும் காகிதங்களை ஏஐ உதவியாளரோடு இணைப்பது எப்படி? கோத்தகிரியிலிருந்து சில பதில்கள்

கோத்தகிரி பக்கம் எங்கள் சிறு தேயிலை விவசாயிகள் குழுவின் அலுவலகத்தில் ஒரு மர அலமாரி இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கூட்டக் குறிப்புகள், மருந்தடிப்பு பற்றிய சுற்றறிக்கைகள், மாதாமாதம் வந்த பசுந்தேயிலை விலை அறிவிப்புகள், மண் பரிசோதனைச் சீட்டுகள் எல்லாம் அதில்தான். 2009 நவம்பர் மழையில் குன்னூர், கோத்தகிரி பக்கமெல்லாம் மலை சரிந்தபோது அலமாரியின் கீழ்த்தட்டு நனைந்து பாதிக் கட்டுகள் போய்விட்டன. மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்று ஸ்கேன் செய்ய ஆரம்பித்தோம். அப்புறம் அவற்றை ஒரு தேடல் சர்வரில் ஏற்றி, ஏஐ உதவியாளரோடு இணைத்தோம். அதைக் கேள்விப்பட்டு கூடலூர், மஞ்சூர், கொடைக்கானல் மேல்மலை என்று பல இடங்களிலிருந்து கேட்டவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி எல்லாவற்றுக்கும் எல்லாமே தெரியுமே. தனியாக ஒரு சர்வர் எதற்கு?

அவற்றுக்குத் தெரிந்தது பெரும்பாலும் பொதுவில் கிடைக்கும் எழுத்துகளிலிருந்து வந்தது. ஜான் சல்லிவன் கோத்தகிரிக்கு எந்த ஆண்டு வந்தார் என்று கேட்டால் 1819 என்று சொல்லிவிடும். தேயிலை இலையைத் தாக்கும் கொப்புள நோய் ஒரு பூஞ்சையால் வருகிறது, தென்னிந்தியத் தேயிலைக்கு அது 1946இல் வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லும். ஆனால் எங்கள் குழு கவாத்துக் கூலி பற்றி என்ன முடிவு எடுத்தது, மூன்றாவது பிளாக்கின் மண் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்பதெல்லாம் அதற்கு எப்படித் தெரியும்?

தெரியாது என்று சொல்லிவிட்டால்கூடப் பரவாயில்லை. முதல் வாரம் இணைப்பு எதுவும் இல்லாமல் சும்மா கேட்டுப் பார்த்தோம். தேதி, தீர்மான எண் எல்லாம் போட்டு அழகாக ஒரு பதில் வந்தது. அந்தத் தேதியில் எங்கள் குழு கூடவே இல்லை. அன்றைக்குத்தான் காகிதத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் ஏற்பாடு வேண்டும் என்று முடிவு செய்தோம்.

எம்சிபி என்கிறார்களே, அது என்ன?

மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்பதன் சுருக்கம். உதவியாளரும் வெளியே இருக்கும் ஒரு நிரலும் பேசிக்கொள்வதற்கான பொது நெறிமுறை. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஓப்பன்ஏஐ உட்படப் பலரும் ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முன்பு ஒவ்வொரு உதவியாளருக்கும் தனித்தனியாக இணைப்பு எழுத வேண்டும். இப்போது ஒரு சர்வரை ஒருமுறை எழுதினால் போதும், எம்சிபி தெரிந்த எந்த உதவியாளரும் அதோடு பேசும்.

நடப்பது இதுதான். இணைந்ததும் உதவியாளர், "உன்னிடம் என்னென்ன கருவிகள் இருக்கின்றன?" என்று சர்வரைக் கேட்கும். சர்வர் பட்டியல் தரும். நீங்கள் ஒரு கேள்வி கேட்டால், எந்தக் கருவியைக் கூப்பிடுவது, என்ன சொல் கொடுத்துத் தேடுவது என்று உதவியாளர் முடிவு செய்யும். சர்வர் தேடி, பொருத்தமான பகுதிகளைத் திருப்பித் தரும். அதை வாசித்து உதவியாளர் பதில் எழுதும். அவ்வளவுதான்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. உதவியாளர் உங்கள் காகிதங்களைப் "படித்து மனப்பாடம்" செய்துகொள்வதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் புதிதாகப் போய் எடுத்து வருகிறது. அதனால் அலமாரியில் ஒரு தவறான காகிதத்தை எடுத்துவிட்டுச் சரியானதை வைத்தால், அடுத்த கேள்விக்கே பதில் மாறிவிடும்.

சர்வர் என்றால் ஏசி அறை, பெரிய இயந்திரம் எல்லாம் வேண்டுமா அண்ணா?

வேண்டாம் தம்பி. இங்கே சர்வர் என்பது ஒரு நிரல். எங்களுடையது பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய சில நூறு வரிகள். முதலில் பழைய மேசைக் கணினி ஒன்றில்தான் ஓடியது. சில ஆயிரம் பக்கங்களுக்கு அது தாராளம்.

எல்லா பிடிஎஃப்பையும் சாட்டிலேயே ஏற்றிவிட்டால் ஆகாதா?

பத்து இருபது பக்கம் என்றால் அதுவே போதும், சர்வர் எல்லாம் தேவையில்லை. தயங்காமல் அப்படியே செய்யுங்கள். ஆயிரம் பக்கம் தாண்டினால், ஒவ்வொரு புது உரையாடலிலும் ஏற்ற முடியாது. உதவியாளர் உரையைச் சிறு துண்டுகளாக, அதாவது டோக்கன்களாக, எண்ணிக்கொள்கிறது. தமிழ் எழுத்துக்கு ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன்கள் செலவாவதால் உரையாடலில் இருக்கும் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். அதைவிட முக்கியமாக, குழுவில் பத்துப் பேர் பத்து விதமான கோப்புகளை வைத்துக்கொண்டு கேட்டால் பத்து விதமான பதில் வரும். எல்லோரும் ஒரே அலமாரியைப் பார்க்க வேண்டும்.

உள்ளே தேடல் எப்படி நடக்கிறது? தமிழில் சரியாகத் தேடுமா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற மொழிக்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருப்பதில்லை.

முதலில் ஒவ்வொரு காகிதத்தையும் சிறு துண்டுகளாகப் பிரிக்கிறோம். ஒரு பத்தி, அல்லது ஒரு தீர்மானம் என்று பொருள் உடையாமல் பிரிப்பது நல்லது. பிறகு இரண்டு விதமாகத் தேடலாம். ஒன்று, சொல்லைச் சொல்லாகவே தேடுவது. இன்னொன்று, ஒவ்வொரு துண்டின் பொருளையும் எண்களின் வரிசையாக மாற்றி வைத்துக்கொண்டு, கேள்வியின் எண்களுக்கு நெருக்கமானதை எடுப்பது. இதற்கு எம்பெடிங் என்று பெயர்.

சொல்தேடல் தமிழில் அடிக்கடி காலை வாரும். "உரம்" என்று தேடுகிறீர்கள். காகிதத்தில் "உரத்தை", "உரத்துக்கு", "உரமிட்டு" என்று இருக்கிறது. "உரத்தை" என்ற சொல்லுக்குள் "உரம்" என்ற எழுத்துக் கோவையே கிடையாது. ஆங்கிலத்துக்காகச் செய்த தேடுபொறி அதைக் கண்டுகொள்ளாது. எம்பெடிங் தேடல் இதைச் சமாளிக்கும். ஆனால் அதற்கு இன்னொரு பலவீனம் உண்டு. தீர்மான எண், சர்வே எண், மருந்தின் பெயர் போன்றவற்றைத் துல்லியமாகப் பிடிக்காது, "ஏறக்குறைய இது மாதிரி" என்று பக்கத்தில் இருப்பதை எடுத்து வரும். அதனால் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். நாங்கள் இரண்டு தேடலின் முடிவுகளையும் கலந்து, முதல் எட்டுத் துண்டுகளை மட்டும் உதவியாளருக்கு அனுப்புகிறோம்.

எம்பெடிங் மாடல் தமிழ் தெரிந்ததாக இருக்க வேண்டும். மல்டிலிங்குவல் இ5, பிஜிஇ-எம்3 இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை, தமிழையும் ஏற்பவை. இ5 எடுத்தால் கேள்விக்கு முன்னால் ஒரு அடையாளச் சொல், காகிதத் துண்டுக்கு முன்னால் வேறொரு அடையாளச் சொல் சேர்க்கச் சொல்வார்கள். அதைச் சேர்க்க மறந்து ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டோம். இன்னொன்று, மாடலை மாற்றினால் எல்லாக் காகிதங்களையும் திரும்ப எண்ணாக்க வேண்டும். பழைய எண்ணும் புது எண்ணும் ஒன்றோடு ஒன்று பொருந்தாது.

பெயர்ப் பட்டியல் ஒன்றும் தயார் செய்யுங்கள். கொப்புள நோயை ஒருவர் "பிளிஸ்டர்" என்பார், காகிதத்தில் "பிளிஸ்டர் பிளைட்" என்று இருக்கும், தோட்டத்தில் வேறு பெயர் சொல்வார்கள். எங்கள் பக்கம் படுக மொழியில் கேட்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்லும் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி, தேடலுக்கு முன் சேர்த்துக்கொள்கிறோம். இந்த ஒரு பக்கப் பட்டியல் தந்த பலனை எந்தப் பெரிய மாடலும் எங்களுக்குத் தரவில்லை.

"கோத்தகிரி" என்று தேடினால் பாதிக் காகிதம்தான் வருகிறது. கண்ணெதிரே அந்தச் சொல் இருக்கிறதே?

இது கொடைக்கானலிலிருந்து வந்த கேள்வி. அவர்கள் ஊர்ப்பெயரில் வரும் "கொ" வுக்கும் இதே சிக்கல்தான்.

யூனிகோடில் "கோ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். "க" வோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனி இரண்டு குறிகளாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு வேறு. கோத்தகிரி, கொடைக்கானல், கொழுந்து, கொப்புள நோய் என்று நமக்குத் தேவையான சொற்கள் எல்லாமே இதில் மாட்டுகின்றன. தீர்வு எளிது. ஏற்றும்போதும் தேடும்போதும் உரையை என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பைத்தானில் அது ஒரே வரி.

பெரிய தலைவலி பழைய எழுத்துருக்கள். 2010இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவிப்பதற்கு முன்பு, ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்தார்கள். பாமினி, வானவில், டேப், டாம், டிஸ்கி என்று ஒரு பட்டியலே உண்டு. அந்தக் காலத்துப் பிடிஎஃப் திரையில் நல்ல தமிழாகத் தெரியும். உரையை எடுத்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாக வரும். சர்வர் எந்தப் பிழையும் காட்டாமல் அந்தக் குப்பையை ஏற்றிக்கொள்ளும். அதுதான் ஆபத்து. எங்கள் 2003 முதல் 2009 வரையான சுற்றறிக்கைகள் முழுவதும் இப்படி ஏறி, எந்தத் தேடலிலும் வராமல் கிடந்தன. "எதுவும் கிடைக்கவில்லை" என்று உதவியாளர் சொன்னது, நாங்களும் இல்லை போலிருக்கிறது என்று நம்பிவிட்டோம்.

அதனால் ஏற்றும் நிரலில் ஒரு சோதனை வையுங்கள். ஒரு பக்கத்தில் பாதிக்கு மேல் தமிழ் யூனிகோடு எழுத்து இல்லையென்றால் அந்தப் பக்கத்தைத் தனியே ஒதுக்கச் சொல்லுங்கள். பிறகு எந்த எழுத்துரு என்று பார்த்து, அதற்கான மாற்றியைப் பயன்படுத்துங்கள். எழுத்துரு தெரியவில்லை என்றால் பக்கத்தைப் படமாக்கி, டெசராக்ட் போன்ற எழுத்துணரியில், அதாவது படத்திலிருந்து எழுத்தை வாசித்தெடுக்கும் நிரலில், கொடுப்பதே விரைவான வழி.

எழுத்துணரி எந்த அளவுக்கு நம்பகமானது?

அச்சுக் காகிதத்துக்கு நன்றாகவே வரும். துணையெழுத்துக் காலையும் "ர" வையும் மாற்றிப் போடும், புள்ளியை விழுங்கும். நனைந்து உலர்ந்த தாளிலும் கையெழுத்திலும் நம்பவே கூடாது. கூட்டக் குறிப்பேடுகளை எங்கள் பிள்ளைகள் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள், ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஆனது. எண் வருகிற இடங்களை மட்டுமாவது ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

பழைய சுற்றறிக்கையும் புதியதும் இரண்டுமே இருந்தால் உதவியாளர் எதைச் சொல்லும்?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

இணைத்த இரண்டாம் மாதம், எங்கள் உறுப்பினர் ஒருவர், கொழுந்தில் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற பூச்சிக்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டார். உதவியாளர் தேடியது, பழைய சுற்றறிக்கை ஒன்றைக் கண்டுபிடித்தது, எண்டோசல்பான் என்று பதில் சொன்னது. எங்கள் காகிதத்தையே மேற்கோள் காட்டி, அளவோடு சொன்னது. உச்ச நீதிமன்றம் 2011இல் தடை செய்த மருந்து அது. கேட்டவர் மூத்தவர், விவரம் தெரிந்தவர், அதனால் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். புதிதாகத் தோட்டம் பார்க்க வந்த ஒரு பையன் கேட்டிருந்தால்?

இதில் உதவியாளர் பொய் சொல்லவில்லை. தேடலும் சரியாகவே வேலை செய்தது. அந்தச் சுற்றறிக்கைதான் கேள்விக்கு மிகப் பொருத்தமாக எழுதப்பட்டிருந்தது. பொருத்தம் என்பது வேறு, இன்று செல்லுபடியாகும் என்பது வேறு. தேடலுக்கு இரண்டாவது தெரியாது. அதை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

அதற்குப் பிறகு இப்படிச் செய்தோம். ஒவ்வொரு காகிதத்துக்கும் வெளியான தேதி, வெளியிட்டவர், நடப்பா, ரத்தா, வரலாறா என்ற நிலை ஆகியவற்றைக் கையால் குறித்தோம். மருந்து, உரம் பற்றிய கேள்விக்கு நடப்பு என்று குறித்த காகிதங்களை மட்டுமே சர்வர் தேடும். பழையது வேண்டும் என்றால் வரலாற்றுக்கு என்று தனிக் கருவி. தேயிலை வாரியம் வெளியிடும் தாவரப் பாதுகாப்பு நெறிமுறை அவ்வப்போது திருத்தப்படுகிறது, அனுமதிக்கப்பட்ட மருந்துகளின் பட்டியல் மாறுகிறது. புதுப் பதிப்பு வந்த அன்றே பழையதை ரத்து என்று மாற்றுவது எங்கள் குழுவில் ஒருவரின் பொறுப்பு. அவர் பெயரைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

தேதியும் நிலையும் தரவுத்தளத்தில் மட்டும் இருந்தால் போதாது. சர்வர் திருப்பித் தரும் உரையின் முதல் வரியிலேயே அவை வர வேண்டும். உதவியாளர் வாசிப்பது அந்த உரையை மட்டும்தான்.

அளவு விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. லிட்டருக்கு எவ்வளவு, ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்டால் காகிதத்தில் உள்ள வரியை அப்படியே எடுத்துக் காட்ட வேண்டும், பக்கத்தின் படத்துக்கு இணைப்பு தர வேண்டும், தானாகக் கணக்குப் போடக் கூடாது. இதைக் கருவியின் விளக்கத்திலும் எழுதியிருக்கிறோம், ஒவ்வொரு முடிவின் அடியிலும் சேர்த்து அனுப்புகிறோம்.

விலை அட்டவணைகளை எப்படி ஏற்றுவது?

துண்டாக்காதீர்கள். அட்டவணையைப் பாதியில் வெட்டினால் மாதத்தின் பெயர் ஒரு துண்டிலும் விலை இன்னொரு துண்டிலும் போய்விடும். எண்களைச் சாதாரணத் தரவுத்தளத்தில், எஸ்க்யூஎல்லைட் போதும், வரிசையாக ஏற்றி, ஆண்டும் மாதமும் கொடுத்தால் விலையைத் தரும் தனிக் கருவி ஒன்று செய்யுங்கள். எண்ணைப் பொருள்தேடலிடம் கேட்கக் கூடாது.

எத்தனை கருவிகள் வைக்கலாம்? எப்படிப் பெயர் வைப்பது?

குறைவாக. அடிப்படையில் இரண்டு. தேடிப் பொருத்தமான துண்டுகளைப் பட்டியலிடும் செர்ச், ஒரு காகிதத்தை முழுதாக எடுத்துத் தரும் ஃபெட்ச். 2025இல் சாட்ஜிபிடியின் ஆழ் ஆய்வு (டீப் ரிசர்ச்) வசதியும் இதே இரண்டு பெயர்களைத்தான் எதிர்பார்த்தது. எங்களுக்கு விலைக்கு ஒன்று, பழைய காகிதங்களுக்கு ஒன்று சேர்த்து மொத்தம் நான்கு.

விளக்கம் எழுதுவதில் சோம்பல் வேண்டாம். "ஆவணங்களைத் தேடும்" என்று மட்டும் எழுதினால் எப்போது கூப்பிட வேண்டும் என்று உதவியாளருக்குத் தெரியாது. "கோத்தகிரிப் பகுதிச் சிறு தேயிலை விவசாயிகள் குழுவின் தீர்மானங்கள், நடப்பு மருந்தடிப்புச் சுற்றறிக்கைகள், மண் சீட்டுகள் பற்றிய எந்தக் கேள்விக்கும் முதலில் இதைக் கூப்பிடு, எதுவும் கிடைக்காவிட்டால் காகிதத்தில் இல்லை என்று சொல்" என்று வேலைக்கு வந்த புது ஆளிடம் சொல்வது மாதிரி எழுதுங்கள்.

சரி, இணைப்பை எப்படிக் கொடுப்பது?

இரண்டு வழி. உதவியாளர் செயலியும் சர்வரும் ஒரே கணினியில் இருந்தால், செயலியே சர்வர் நிரலைத் தொடங்கி அதோடு நேரடியாகப் பேசும். கிளாட் டெஸ்க்டாப்பில் அமைப்புகளுக்குப் போய் டெவலப்பர் பகுதியில் உள்ள கோப்பைத் திறந்து, சர்வரின் பெயர், எந்தக் கட்டளையால் தொடங்குவது, நிரல் எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் எழுத வேண்டும்.

சர்வர் வேறு இடத்தில் இருந்தால் இணைய முகவரி மூலம் இணைக்க வேண்டும். கொடைக்கானல் நண்பர்கள் மாட்டிக்கொண்ட இடம் இது. அலுவலக வைஃபையில் இருந்த கணினியின் உள் முகவரியை, 192.168 என்று தொடங்குமே அதை, கிளாட் வலைத்தளத்தில் கொடுத்துவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். வலையிலோ கைபேசியிலோ சேர்க்கும்போது இணைப்பு உங்கள் கைபேசியிலிருந்து போவதில்லை, அந்த நிறுவனத்தின் கணினிகளிலிருந்து வருகிறது. அவர்களுக்கு உங்கள் வைஃபைக்குள் வழி கிடையாது. பூட்டுள்ள, அதாவது எச்டிடிபிஎஸ் உள்ள பொது முகவரி வேண்டும், உள்நுழைவுக்கு ஓஆத் என்ற அனுமதி முறை வேண்டும். முகவரியை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று திறந்து விடாதீர்கள்.

பழைய வழிகாட்டிகளில் எஸ்எஸ்இ என்ற இணைப்பு முறையைச் சொல்லியிருப்பார்கள். 2025 மார்ச் பதிப்பில் அதற்குப் பதிலாக ஸ்ட்ரீமபிள் எச்டிடிபி வந்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாம் செய்தும் கருவிகள் காட்டவில்லை. என்ன பார்ப்பது?

செயலியை முழுதாக மூடித் திறந்தீர்களா? சாளரத்தை மூடினால் அது பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அமைப்புக் கோப்பில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் முழுக் கோப்பும் ஏற்கப்படாது. நிரலின் பாதையை முழுதாக எழுத வேண்டும், விண்டோஸில் பின்சாய்கோட்டை இரட்டையாகப் போட வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இணைந்து இணைந்து அறுந்தால், நிரலுக்குள் எங்கேயோ ஒரு பிரிண்ட் வரி இருக்கிறது. ஒரே கணினியில் இணைக்கும் முறையில் சர்வர் தன் வழக்கமான வெளியீட்டில்தான் உதவியாளரோடு பேசுகிறது. "சர்வர் தொடங்கியது" என்று நீங்கள் அச்சிடும் வரியும் அந்தப் பேச்சுக்குள் போய் விழுந்து இணைப்பைக் கெடுக்கும். பதிவுகளைப் பிழை வெளியீட்டுக்கோ ஒரு கோப்புக்கோ அனுப்புங்கள். எம்சிபி இன்ஸ்பெக்டர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. உதவியாளரிடம் போகும் முன் அதில் இணைத்துப் பார்த்தால் தவறு எந்தப் பக்கம் என்று உடனே தெரிந்துவிடும்.

மழைக்காலத்தில் கரண்டும் நெட்டும் போய்விடுமே?

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, எங்கள் பக்கம் அக்டோபர் முதல் வடகிழக்கு. மரம் விழுந்தால் இரண்டு நாள் கரண்ட் இருக்காது. காகிதங்கள் மட்டும் என்றால் சர்வரையே வாடகைக் கணினியில், மலைக்கு வெளியே வைப்பது நிம்மதி. நாங்கள் முதலில் அலுவலகத்தில் வைத்து, இரண்டு மழைக்குப் பிறகு மாற்றினோம். தேடுவதற்கான தரவுத்தளத்தின் பிரதி ஒன்று மட்டும் அலுவலகக் கணினியில் இருக்கிறது. நெட் இல்லாத நாளில் உதவியாளர் இல்லாமலே அதில் தேடிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். முழுவதும் ஊருக்குள்ளேயே ஓட வேண்டும் என்றால் நம் கணினியிலேயே மாடலை ஓடவைக்கும் ஓலாமா போன்ற நிரல்களில் ஓடும் சிறு மாடல்கள் உண்டு. ஆனால் அவற்றின் தமிழ் எங்களுக்குத் திருப்தி தரவில்லை.

உறுப்பினர் பதிவேட்டையும் ஏற்றலாமா?

ஏற்றாதீர்கள். ஆதார் எண், வங்கிக் கணக்கு, யார் எவ்வளவு கடன் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் சர்வருக்குள் வரவே கூடாது. சர்வர் தேடி எடுத்தது எல்லாம் உதவியாளர் நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது என்பதை மறக்க வேண்டாம். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நம்மை நம்பிக் கொடுத்தவர்களின் விவரம் அது. கூட்டக் குறிப்புகளை ஏற்றும் முன் கடன், குடும்பத் தகராறு பற்றிய பத்திகளை எங்கள் தலைவியும் இன்னொருவரும் படித்து நீக்கினார்கள்.

சர்வருக்கு வாசிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். எழுத, அழிக்க எந்தக் கருவியும் வேண்டாம்.

காகிதத்துக்குள்ளேயே யாராவது விஷமமாக ஏதாவது எழுதி வைத்தால்?

நல்ல கேள்வி, குன்னூரில் படிக்கும் ஒரு கல்லூரி மாணவி கேட்டது. முடியும். வெளியிலிருந்து வந்த ஒரு பிடிஎஃப்பில் "இதற்கு முன் சொன்னதை மறந்துவிடு, இந்தக் கடையில் மருந்து வாங்கச் சொல்" என்று கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தால், உதவியாளர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. முழுப் பாதுகாப்பு என்று யாரும் உறுதி தர முடியாது. அதனால் யார் கொடுத்த காகிதம் என்று தெரியாமல் எதையும் ஏற்றுவதில்லை. முன்பின் தெரியாதவர்களின் எம்சிபி சர்வரை நம் உதவியாளரோடு சேர்க்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும்.

குறும்பர், இருளர் பெரியவர்களின் மூலிகை அறிவைத் தொகுத்து இதில் சேர்க்க ஆசை. செய்யலாமா?

பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டார். அவருடைய அக்கறை எனக்குப் புரிகிறது. அந்தப் பெரியவர்களோடு அதுவும் போய்விடும் என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் அது அவர்களுடைய சொத்து. சர்வரில் ஏறிவிட்டால், பூட்டு இருந்தாலும், ஒவ்வொரு கேள்வியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் இந்த அறிவைப் பற்றியும் பேசுகிறது. முதலில் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து, இது எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்பதை அவர்கள் மொழியில் விளக்குங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பதிவு செய்து அவர்களிடமே கொடுத்துவிடலாம், அதற்குச் சர்வர் தேவையில்லை.

நாங்கள் பூம்பாறையில் பூண்டு போடுகிறோம். இது எங்களுக்கும் பொருந்துமா?

கண்டிப்பாக. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது தொடர்பான காகிதங்கள், விதைப்பூண்டு பற்றிய குறிப்புகள், கிடங்குக் கணக்குகள் என்று தொடங்குங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் ஏற்ற வேண்டாம். அடிக்கடி யாராவது வந்து கேட்கும் ஐம்பது காகிதங்கள் போதும்.

சரியாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாற்பது கேள்விகள் எழுதி வைத்திருக்கிறோம். முப்பதுக்குக் காகிதத்தில் பதில் உண்டு, எந்தப் பக்கம் என்பது எங்களுக்குத் தெரியும். பத்துக்குப் பதிலே கிடையாது. வேண்டுமென்றே அப்படி வைத்தோம். நடக்காத கூட்டம், நாங்கள் பயிரிடாத பயிர், வராத சுற்றறிக்கை. அந்தப் பத்துக்கும் "காகிதத்தில் இல்லை" என்று வர வேண்டும். எதை மாற்றினாலும் நாற்பதையும் திரும்பக் கேட்டுப் பார்ப்போம்.

தவறு வந்தால் முதலில் சர்வர் என்ன எடுத்துக் கொடுத்தது என்று பாருங்கள். சரியான துண்டு வரவே இல்லையென்றால் கோளாறு தேடலில். வந்தும் பதில் தவறென்றால் கோளாறு உதவியாளரிடம், அல்லது நீங்கள் எழுதிய விளக்கத்தில். எங்கள் அனுபவத்தில் பெரும்பாலும் முதலாவதுதான்.

என் அப்பாவுக்குக் கைபேசியில் தட்டச்சு செய்ய வராது. அவர் எப்படிக் கேட்பது?

குரலில் கேட்கலாம், தமிழ் ஓரளவு பிடிக்கிறது. "கவாத்து", "கொழுந்து" மாதிரி தோட்டச் சொற்களைச் சில நேரம் தவறாக எழுதிக்கொள்ளும், அந்தத் தவறான வடிவங்களையும் பெயர்ப் பட்டியலில் சேர்த்துவிட்டோம்.

அது பிடிக்காதவர்களுக்கு வேறு ஏற்பாடு. சந்தை நாளன்று மாலை எங்கள் அலுவலகத்தில் கல்லூரி போகும் பிள்ளை ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். பெரியவர்கள் வந்து கேட்பார்கள், அவள் உதவியாளரிடம் கேட்டு, பதிலோடு வந்த பக்கத்தின் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டுவாள். மருந்து விஷயம் என்றால் அந்தப் பக்கத்தை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடுவாள். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், மருந்துக் கடையில் நீட்டுகிறார்கள்.